ஐகன் பெறுமானம் தேடும் முன் சுவட்டைக் கூட்டுங்கள்: தாயங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பேராதனைக்கோ ஊவா வெல்லஸ்ஸவுக்கோ போகிற பிள்ளைகளை முதலாம் வருடத்திலேயே பிடித்து உலுக்குகிற பாடங்களில் ஒன்று தாயங்கள், அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸ். பாடசாலையில் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு தாயத்தோடு நின்றுவிடுகிறோம். கம்பஸில் முதல் சில லெக்சரிலேயே அது மூன்றுக்கு மூன்றாகி, நான்குக்கு நான்காகி, அப்புறம் எத்தனைக்கு எத்தனையோ ஆகிவிடும். மொழியும் ஆங்கிலமாகிவிடும்.

எனக்கு அதைப் பிடித்துக்கொள்ள ஒரு செமஸ்டர் முழுக்கப் போயிற்று. எதை முதலில் செய்வது, எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் அப்படி இழுபட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். யார் எப்போது கண்டுபிடித்தார் என்ற கதை எதுவும் இதில் இல்லை.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

தரம் 11 கணிதப் புத்தகத்தில் தாயங்கள் அலகு இருக்கிறது. வீட்டில் புத்தகம் இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் இலவசமாகக் கிடைக்கும். ஒரே மாலையில் அந்த அலகை முடித்துவிடலாம். சின்ன வகுப்புப் புத்தகம் என்று ஒதுக்காதீர்கள். நிரை (கிடையாக), நிரல் (மேலிருந்து கீழாக), வரிசை (எத்தனைக்கு எத்தனை) என்ற மூன்றும் அங்கேதான் சரியாகப் பழகும். அதற்கு மேல் இணைந்த கணிதத்துக்கான ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம்.

கம்பஸ் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டு தாள்கள்: பாட அலகின் உள்ளடக்கத் தாள், கடந்த வருடங்களின் வினாத்தாள்கள். உள்ளடக்கத் தாள் ஏன் என்றால், சில இடங்களில் மூன்றுக்கு மூன்றோடு நிறுத்துவார்கள், சில இடங்களில் மூலைவிட்டமாக்கல் (மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் மிஞ்சும்படி தாயத்தை மாற்றுவது) வரை போவார்கள். வராத பகுதிக்கு இராத்திரி விழிக்க வேண்டாம். வினாத்தாளை நூலகத்திலோ சீனியர்களிடமோ கேளுங்கள். டவுனில் கொமியூனிகேஷனில் போட்டோகொப்பி அடிக்கும்போது வினாத்தாளை மட்டும் அடியுங்கள். லெக்சர் நோட்ஸ் முழுவதையும் அடிப்பது காசுக்குக் கேடு; கையால் எழுதாத தாயம் மண்டையில் ஏறாது.

சதுரக் கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண், அதன் மறைக் குறியும் அதே கட்டத்துக்குள். கோடு போட்ட கொப்பியில் எழுதினால் மூன்றாம் நிரலில் இருக்க வேண்டிய எண் மெல்ல நகர்ந்து இரண்டாம் நிரலுக்கு அடியில் வந்து உட்காரும்.

மென்பொருளுக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். ஒக்டேவ் (Octave) என்ற கணித மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். பெரிய கோப்பு என்பதால் டவுனிலோ கம்பஸ் வைஃபையிலோ இறக்கிக்கொள்ளுங்கள். தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் சிக்னலும் கரண்டும் ஒன்றாகவே போகும்; நிறுவிவிட்டால் அதற்கு இணையம் தேவையில்லை.

சொற்கள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் தாயம், துணிகோவை, காவி என்று படித்ததைத் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களில் அணி, அணிக்கோவை, வெக்டர் என்பார்கள். லெக்சரில் மேட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட், ட்ரேஸ், ஐகன்வேல்யூ என்று வரும். கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று நிரலாக எழுதி வைத்துக்கொண்டு அத்தோடு மறந்துவிடுங்கள்.

2. எத்தனை நாள் எதற்கு

தினம் ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் ஒரு மாதம் போதும். பெருக்கலுக்கு மூன்று நாள். துணிகோவைக்கு ஒரு வாரம். சுவடு ஒரே மாலை. மிச்சம் எல்லாம் ஐகன் பெறுமானத்துக்கு. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: துணிகோவையில் மூன்று வாரம் உருண்டுவிட்டு, பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஐகன் பெறுமானத்தைத் திறக்கிறார்கள். புள்ளி அதிகம் இருப்பது அங்கேதான்.

3. பெருக்கலைக் கைக்குப் பழக்குங்கள்

நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டுவது என்ற விதி உங்களுக்குத் தெரியும். வேகமும் சுத்தமும்தான் இனி வேண்டும். இந்த இரண்டு தாயங்களையும் கையால் பெருக்கிப் பாருங்கள். முதலாவது த, இரண்டாவது ப என்று வைத்துக்கொள்வோம்.

த:
[ 1  2 ]
[ 0  1 ]

ப:
[ 1  0 ]
[ 3  1 ]

தப:
[ 7  2 ]
[ 3  1 ]

பத:
[ 1  2 ]
[ 3  7 ]

இரண்டும் வேறு. தாயங்களைப் பெருக்கும் ஒழுங்கை மாற்றினால் விடை பொதுவாக மாறும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், 5ஆம் படியில் மறுபடி தேவைப்படும்.

4. துணிகோவை: பொருள், விலை, பொறி

இரண்டுக்கு இரண்டில், மேல் நிரை அ, ஆ. கீழ் நிரை இ, ஈ என்றால் துணிகோவை அ×ஈ − ஆ×இ. இது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விதிகள் மனப்பாடம் செய்யாமலே வரும். ஓரலகுச் சதுரம் ஒன்றை எடுத்து அதன் மூலைகளை எல்லாம் தாயத்தால் பெருக்கினால் அது ஓர் இணைகரமாகச் சாயும். அந்த இணைகரத்தின் பரப்புத்தான் துணிகோவையின் அளவு. மேல் நிரை 3, 1. கீழ் நிரை 1, 2 என்ற தாயம் பரப்பை 5 மடங்காக்கும். விடை மறையாக வந்தால் உருவம் புரண்டுவிட்டது என்று அர்த்தம். பூச்சியம் வந்தால் சதுரம் நசுங்கிக் கோடாகிவிட்டது. நசுங்கியதைத் திருப்பி விரிக்க முடியாது, அதனால் அந்தத் தாயத்துக்கு நேர்மாறு கிடையாது.

இதிலிருந்து வருவது: தப என்ற பெருக்கத்தின் துணிகோவை, த-வின் துணிகோவையையும் ப-வின் துணிகோவையையும் பெருக்கியது. முதல் தாயம் பரப்பை 5 மடங்காக்கி அடுத்தது 2 மடங்காக்கினால் மொத்தம் 10 மடங்கு, அவ்வளவுதான். கூட்டலுக்கு இப்படி எந்த விதியும் இல்லை. அலகுத் தாயத்தையும் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0) அதன் மறையையும் எடுங்கள். இரண்டுக்கு இரண்டில் இரண்டின் துணிகோவையும் 1. கூட்டினால் பூச்சியத் தாயம், துணிகோவை 0. 2 அல்ல. பரீட்சையில் ‘உண்மையா பொய்யா’ என்று கேட்டால் இந்த ஒரு எடுத்துக்காட்டை எழுதி முடித்துவிடலாம்.

மாறிலியால் பெருக்கும்போது கவனம். மூன்றுக்கு மூன்று தாயத்தை 2 ஆல் பெருக்கினால் துணிகோவை 8 மடங்காகும், ஏனென்றால் மூன்று நிரைகளிலும் ஒவ்வொரு 2 நுழைகிறது. வரிசை 4 என்றால் 16 மடங்கு.

இனி விலை. காசில்லை, பெருக்கல்களின் எண்ணிக்கை. சிறு துணிகோவைகளாக விரிக்கும் முறையில் மூன்றுக்கு மூன்றுக்கு 9 பெருக்கல். நான்குக்கு நான்குக்கு 40. ஐந்துக்கு ஐந்துக்கு 205. நிரைச் செயல்களால் மேல் முக்கோணமாக்கி (மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் பூச்சியம்) மூலைவிட்டத்தைப் பெருக்கினால், வகுத்தல்களையும் சேர்த்து, முறையே 10, 23, 44. ஆகவே மூன்றுக்கு மூன்றில் எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், வித்தியாசமே இல்லை. நான்கிலிருந்து முக்கோண முறைதான். பத்துக்குப் பத்து என்று வந்தால் முழுதாக விரித்தால் 3,628,800 உறுப்புகள்; முக்கோண முறையில் ஏறத்தாழ 340 பெருக்கல் வகுத்தல். கணினியும் இரண்டாவதைத்தான் செய்கிறது.

மூன்றுக்கு மூன்றுக்குச் சாய்கோடுகள் போட்டுப் பெருக்கும் குறுக்கு வழி ஒன்று டியூஷனில் சொல்லித் தந்திருப்பார்கள். நல்ல வழிதான். அதை நான்குக்கு நான்குக்கு நீட்டாதீர்கள். சாய்கோடுகள் 8 உறுப்புகளைத்தான் தரும், வேண்டியதோ 24.

முக்கோண முறையில் விழாமல் தப்பிக்கிறவர்கள் குறைவு என்பதால் ஒரு பொறியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். விதிகள் மூன்று: இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் குறி மாறும், ஒரு நிரையை ஓர் எண்ணால் பெருக்கினால் துணிகோவையும் அந்த எண்ணால் பெருகும், ஒரு நிரையோடு இன்னொரு நிரையின் மடங்கைக் கூட்டினால் மாற்றமே இல்லை. இப்போது இந்தத் தாயம்:

[ 2  3 ]
[ 3  5 ]

துணிகோவை 10 − 9 = 1. பின்னம் வரக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை என்ன செய்யும்? இரண்டாம் நிரையை 2 ஆல் பெருக்கி, அதிலிருந்து முதல் நிரையின் 3 மடங்கைக் கழிக்கும். இரண்டாம் நிரை 0, 1 ஆகிறது. மூலைவிட்டத்தில் 2, 1. விடை 2 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். கழித்தது குற்றமில்லை. அதற்கு முன் 2 ஆல் பெருக்கியபோதே துணிகோவை இரட்டிப்பாகிவிட்டது. பின்னத்தைத் தவிர்க்க ஆசைப்பட்டால் பெருக்கிய எண்ணை ஓரத்தில் எழுதி வைத்து, கடைசியில் அதால் வகுங்கள். சமன்பாடு தீர்க்கும்போது இந்தப் பழக்கம் ஒரு தீங்கும் செய்யாது. அதனால்தான் கை அதற்குப் பழகிப்போய்த் துணிகோவையிலும் அதையே செய்கிறது.

5. சுவடு: ஒரு மாலை வேலை

இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை போகிற மூலைவிட்டத்தில் இருக்கிற எண்களைக் கூட்டுங்கள். அதுதான் சுவடு. இவ்வளவு மலிவான ஒன்றுக்கு என்ன பெறுமதி இருக்கப் போகிறது என்று எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

3ஆம் படியில் வைத்த பக்கத்தைத் திறங்கள். தப-வின் சுவடு 7 + 1 = 8. பத-வின் சுவடு 1 + 7 = 8. தாயங்கள் வேறு, சுவடு ஒன்று. இது எப்போதும் நடக்கும். துணிகோவையும் இரண்டிலும் 1. இரண்டு பெருக்கத்தையும் கேட்கிற கேள்வியில் சுவடுகள் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை. மேலே போகாமல் திரும்பிப் பாருங்கள்.

பொறி இது: த-வின் சுவடு 2, ப-வின் சுவடு 2, பெருக்கினால் 4. ஆனால் தப-வின் சுவடு 8. பெருக்கலோடு ஒத்துப்போவது துணிகோவை, கூட்டலோடு ஒத்துப்போவது சுவடு. மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று தாயங்கள் வரும்போது கடைசியை முன்னால் கொண்டுவந்து சுழற்றலாம், சுவடு மாறாது. இடையில் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் மாறலாம்.

6. ஐகன் பெறுமானம்: இரண்டுக்கு இரண்டில் தொடங்குங்கள்

தாயம் ஒரு காவியைப் பெருக்கினால் பொதுவாக அதன் திசை மாறும். சில காவிகள் மட்டும் அதே கோட்டில் நின்று நீளும் அல்லது சுருங்கும். அந்தக் காவி ஐகன் காவி. எத்தனை மடங்கு என்பது ஐகன் பெறுமானம். லெக்சரில் லம்டா என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள், இங்கே ‘ல’ என்று எழுதுகிறேன்.

மூலைவிட்டத்தின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ல-வைக் கழித்து, வரும் தாயத்தின் துணிகோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்த வேண்டும். இரண்டுக்கு இரண்டில் அது எப்போதும் இப்படித்தான் முடியும்:

ல² − (சுவடு)ல + (துணிகோவை) = 0

ஆகவே ஐகன் பெறுமானங்களின் கூட்டுத்தொகை சுவடு, பெருக்கம் துணிகோவை. எத்தனைக்கு எத்தனை தாயமானாலும் இந்த இரண்டும் உண்மை. மலையில் நிறுத்த கொழுந்தின் கணக்கை ஃபெக்டரித் தராசோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மாதிரி, கேள்வியைத் தொடங்கும்போதே சுவட்டையும் துணிகோவையையும் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், முடிவில் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு தோட்டத்துப் பிள்ளைகளில் வருடத்துக்கு நூற்றுக்கு 20 பேர் வேலைக்குக் கொழும்புக்குப் போகிறார்கள். கொழும்பில் இருக்கிறவர்களில் நூற்றுக்கு 10 பேர் திரும்பி வருகிறார்கள் என்று வையுங்கள். முதல் நிரல் தோட்டத்தில் இருப்பவர்கள், இரண்டாம் நிரல் கொழும்பில் இருப்பவர்கள்.

[ 0.8  0.1 ]
[ 0.2  0.9 ]

சுவடு 1.7. துணிகோவை 0.72 − 0.02 = 0.7. இரண்டு எண்கள், கூட்டினால் 1.7, பெருக்கினால் 0.7: அதாவது 1, 0.7. இருபடிச் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு நிரலும் கூட்டி 1 வருகிற தாயத்தில் 1 ஓர் ஐகன் பெறுமானமாகக் கட்டாயம் இருக்கும், ஆகவே அடுத்தது சுவடு கழி 1. பரீட்சையில் இது ஐந்து வினாடி வேலை.

ல = 1 க்கு ஐகன் காவி (1, 2). பெருக்கிப் பாருங்கள்: 0.8 + 0.2 = 1, 0.2 + 1.8 = 2. அப்படியே நிற்கிறது. அதாவது காலப்போக்கில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்தில், இரண்டு பங்கு கொழும்பில். 900 பேரும் தோட்டத்தில் இருந்து தொடங்கினால் அடுத்த வருடம் 720, அதற்கடுத்து 594 பேர் தோட்டத்தில். 300 இலிருந்து உள்ள இடைவெளி 600, 420, 294 என்று ஒவ்வொரு தடவையும் 0.7 ஆல் சுருங்குகிறது. அந்த 0.7 வேறெதுவும் இல்லை, இரண்டாவது ஐகன் பெறுமானம். பத்து வருடத்தில் இடைவெளி 17 பேர் அளவுக்கு வந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். சுவட்டையும் துணிகோவையையும் வைத்தே சமன்பாட்டை எழுதிவிட்டு, பிறகு அதே இரண்டால் விடையைச் சரிபார்த்தால் தீர்த்தது சரியா என்றுதான் தெரியும்; சுவட்டையே தப்பாகக் கூட்டியிருந்தால் பிடிபடாது. அப்போது ஐகன் காவியைக் கண்டு, தாயத்தால் பெருக்கிப் பாருங்கள்.

7. மூன்றுக்கு மூன்று

சமன்பாடு இப்போது மூன்றாம் படி:

ல³ − (சுவடு)ல² + (நடு எண்)ல − (துணிகோவை) = 0

நடு எண் என்பது மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று சிறு துணிகோவைகளின் கூட்டுத்தொகை. முதல் நிரையையும் முதல் நிரலையும் மறைத்தால் ஒன்று, இரண்டாவதுகளை மறைத்தால் ஒன்று, மூன்றாவதுகளை மறைத்தால் ஒன்று. குறி மாற்றம் எதுவும் இல்லை, அப்படியே கூட்டுங்கள்.

[ 2  1  0 ]
[ 1  3  1 ]
[ 0  1  2 ]

சுவடு 7. சிறு துணிகோவைகள் 5, 4, 5. நடு எண் 14. துணிகோவை 2×5 − 1×2 = 8. சமன்பாடு ல³ − 7ல² + 14ல − 8 = 0. பரீட்சைக் கேள்விகளில் முழு எண் மூலம் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும், அது துணிகோவையை மீதியின்றி வகுக்கும். 1 ஐப் போடுங்கள்: 1 − 7 + 14 − 8 = 0. கிடைத்துவிட்டது. மிச்சம் ல² − 6ல + 8, மூலங்கள் 2, 4. கூட்டினால் 7, பெருக்கினால் 8.

இங்கேயும் ஓட்டை இருக்கிறது. நடு எண்ணைத் தப்பாகப் போட்டாலும் மூலங்களின் கூட்டுத்தொகை 7 ஆகத்தான் வரும், பெருக்கம் 8 ஆகத்தான் வரும். அந்த இரண்டும் நடு எண்ணைத் தொடுவதே இல்லை. அதைப் பிடிக்க மூன்றாவது சோதனை: ஐகன் பெறுமானங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை, தாயத்தின் வர்க்கத்தின் சுவட்டுக்குச் சமம். 1 + 4 + 16 = 21. தாயம் சமச்சீராக (மூலைவிட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி பார்த்தது மாதிரி) இருந்தால் அதன் வர்க்கத்தின் சுவடு எல்லா எண்களின் வர்க்கங்களையும் கூட்டியதுதான்: 4 + 1 + 1 + 9 + 1 + 1 + 4 = 21. சரி. அரை நிமிடம்கூட ஆகாது. இதை லெக்சரில் யாரும் சரிபார்ப்பாகச் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை.

ஐகன் காவிகள் முறையே (1, −1, 1), (1, 0, −1), (1, 2, 1). எந்த இரண்டை எடுத்துப் புள்ளிப் பெருக்கம் செய்தாலும் பூச்சியம். சமச்சீர்த் தாயத்தில் வெவ்வேறு ஐகன் பெறுமானங்களுக்குரிய காவிகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, பெறுமானங்களும் எப்போதும் மெய்யெண்கள். காவி பிழையாகிவிட்டதா என்று பார்க்க இதைவிட விரைவான வழி இல்லை.

8. சிக்கலெண் வந்தால் பயப்பட வேண்டாம்

தேயிலை மலையைக் கவ்வாத்து செய்கிற கணக்கை எடுங்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து என்றால், இந்த வருடம் முதலாம் வருடத்தில் இருக்கிற மலை அடுத்த வருடம் இரண்டாம் வருடத்துக்குப் போகும். நான்காம் வருடத்து மலை வெட்டப்பட்டு மறுபடி முதலாம் வருடமாகும். உயரமான இடங்களில் சுற்று இதைவிட நீளமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை ஹெக்டேயர் என்பதை ஒரு காவியாக எழுதினால் தாயம் இது:

[ 0  0  0  1 ]
[ 1  0  0  0 ]
[ 0  1  0  0 ]
[ 0  0  1  0 ]

சுவடு 0, துணிகோவை −1. சமன்பாடு ல⁴ = 1. மூலங்கள் 1, −1, அத்தோடு −1 இன் இரண்டு வர்க்கமூலங்கள். கூட்டினால் 0, நான்கையும் பெருக்கினால் −1. சரிபார்ப்பு சிக்கலெண்ணிலும் தவறாமல் வேலை செய்கிறது. மெய்யெண் தாயத்தில் சிக்கலெண் பெறுமானங்கள் எப்போதும் உடன்புணரிச் சோடியாகவே (கற்பனைப் பகுதியின் குறி மட்டும் மாறி) வரும்; ஒன்று மட்டும் தனியாக வந்தால் தேடுங்கள், பிழை இருக்கிறது.

ல = 1 க்குரிய காவி (1, 1, 1, 1): நான்கு நிலையிலும் சம பரப்பு இருந்தால் வருடா வருடம் அப்படியே இருக்கும். சமமில்லாமல் தொடங்கினால்? கொழும்புக் கணக்கில் 0.7 இருந்ததால் இடைவெளி தேய்ந்தது. இங்கே நான்கு பெறுமானங்களுக்கும் மட்டு (குறியோ திசையோ பாராத பருமன்) 1, தேய எதுவும் இல்லை. ஒரு வருடம் அதிகமாக வெட்டிவிட்டால் அந்த மேடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொழுந்துக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். துரைமார் சுற்றைச் சமமாகப் பிரித்து வைக்கப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

9. புள்ளி போகிற இடங்கள்

எல்லாவற்றிலும் பெரியது: ஐகன் பெறுமானம் காண்பதற்கு முன் தாயத்தை நிரைச் செயல்களால் சுருக்குவது. துணிகோவைக்குப் பழகிய கை இதைத் தானாகச் செய்துவிடும். நிரைச் செயல் ஐகன் பெறுமானங்களை மாற்றிவிடும். மேலே பார்த்த 2, 3. 3, 5 தாயத்தின் சுவடு 7. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் ஒன்றரை மடங்கைக் கழித்தால் துணிகோவை 1 மாறாது, ஆனால் மூலைவிட்டம் 2, 0.5 ஆகி சுவடு 2.5 ஆகிவிடும். முக்கோணத் தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் மூலைவிட்டத்தில் இருக்கும் என்பது உண்மைதான். அது முக்கோணமாகவே தரப்பட்ட தாயத்துக்கு; நீங்கள் முக்கோணமாக்கிய தாயத்துக்கு அல்ல.

அடுத்தது மீள வரும் மூலம். இந்த இரண்டையும் பாருங்கள்:

[ 3  0 ]        [ 3  1 ]
[ 0  3 ]        [ 0  3 ]

இரண்டிலும் சுவடு 6, துணிகோவை 9, ஐகன் பெறுமானம் 3, 3. முதலாவதில் எந்தக் காவியும் ஐகன் காவி. இரண்டாவதில் ஒரே ஒரு திசைதான். ஆகவே மூலம் இரண்டு தடவை வந்தால் இரண்டு காவி கிடைக்கும் என்று எழுதிவிடாதீர்கள், கண்டுபிடித்துத்தான் எழுத வேண்டும். மூலைவிட்டமாக்க முடியுமா என்ற கேள்வி பெரும்பாலும் இங்கே கொண்டுவந்து நிறுத்தத்தான் கேட்கப்படுகிறது.

பூச்சியக் காவி ஐகன் காவி ஆகாது. பூச்சியம் ஐகன் பெறுமானம் ஆகலாம், அப்போது துணிகோவை 0. தாயத்தின் வர்க்கத்தைக் கேட்டால் பெறுமானங்களை வர்க்கமாக்குங்கள், நேர்மாறைக் கேட்டால் தலைகீழாக்குங்கள், அலகுத் தாயத்தின் 5 மடங்கைக் கூட்டச் சொன்னால் ஒவ்வொன்றோடும் 5 ஐக் கூட்டுங்கள். இரண்டு வேறு தாயங்களைக் கூட்டினால் மட்டும் பெறுமானங்களைக் கூட்ட முடியாது.

10. கணினியில் சரிபார்க்கும்போது

ஒக்டேவில் டெட் (det), ட்ரேஸ் (trace), ஐக் (eig) என்ற மூன்று கட்டளைகள் போதும். கையால் செய்து முடித்த பிறகு மட்டும் திறங்கள். 1 முதல் 9 வரை வரிசையாக எழுதிய மூன்றுக்கு மூன்று தாயத்தைக் கொடுத்துப் பாருங்கள். துணிகோவை 0, திரையிலோ 10 இன் −16 ஆம் அடுக்கு அளவில் ஏதோ ஓர் எண் வரும். கணினி தசமங்களை வெட்டி வைத்துக்கொள்வதால் வருகிற தூசு அது. ஐகன் பெறுமானங்கள் ஏறத்தாழ 16.1168, −1.1168, அத்தோடு பூச்சியத்துக்கு மிகக் கிட்டிய ஒன்று. கூட்டினால் 15, அதுதான் சுவடு.

ஐகன் காவிகளைக் கேட்டால் உங்கள் (1, 2, 1) க்குப் பதில் 0.4082, 0.8165, 0.4082 என்று வரும், சிலவேளை மூன்றும் மறையாக வரும். நீளம் 1 ஆகும்படி சுருக்கித் தருகிறது, அவ்வளவுதான். உங்கள் விடையும் சரி. வரிசை ஐந்தோ அதற்கு மேலோ போனால் பொதுவான சூத்திரம் என்று ஒன்றும் கிடையாது, கணினிதான் படிப்படியாக நெருங்கிக் கண்டுபிடிக்கும். அதனால் கையால் செய்யச் சொல்லும் ஐந்துக்கு ஐந்து கேள்வியில் முக்கோணமோ, சிறு தாயத் தொகுதிகளாகப் பிரியும் அமைப்போ, சமமான நிரல் கூட்டுத்தொகையோ ஒளிந்திருக்கும். கணக்கைத் தொடங்கும் முன் அதைத் தேடுங்கள்.

11. பரீட்சை மண்டபத்தில்

கல்குலேட்டர் அனுமதி உண்டா, எந்த மாதிரி என்பதைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதி இருந்தாலும் மூன்றுக்கு மூன்று கேள்வியை அது இல்லாமலே செய்யப் பழகியிருப்பது நல்லது.

மூன்றுக்கு மூன்றில் பெறுமானங்களும் காவிகளும் கேட்டால் 25 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் சுவடு, நடு எண், துணிகோவை மூன்றும் ஓரத்தில் இருக்க வேண்டும். பத்தாவது நிமிடத்தில் மூலங்கள் கையில் இல்லாவிட்டால் அந்த மூன்று எண்களையும் மறுபடி கணக்கிடுங்கள், சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். முழு எண் மூலம் வராததற்குக் காரணம் அநேகமாக நடு எண்ணில் ஒரு குறி. அப்படியும் வராவிட்டால் சமன்பாட்டையும், சுவடும் துணிகோவையும் எதற்குச் சமம் என்பதையும் தெளிவாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள், முறைக்கு உரிய புள்ளி கிடைக்கும். காவி கேட்கப்படாத கேள்வியில் காவியைத் தேடாதீர்கள். ‘ஐகன் பெறுமானங்களின் கூட்டுத்தொகை யாது’ என்று மட்டும் கேட்டிருந்தால் சமன்பாடே வேண்டாம், மூலைவிட்டத்தைக் கூட்டி ஒரு வரியில் எழுதுங்கள்.